இருபத்து மூன்று கிலோவுக்குள்

ஜனவரி 3

டிக்கெட் வந்துவிட்டது. போனில்தான் வந்திருக்கிறது. காகிதத்தில் இல்லாத டிக்கெட்டை எப்படிக் கிழிப்பார்கள் என்று செண்பகராஜிடம் கேட்டேன். "அப்பா, கிழிக்க மாட்டாங்க. ஸ்கேன் பண்ணுவாங்க" என்றான். அது எனக்கும் தெரியும். பையனைக் கொஞ்ச நேரம் பேசவைக்கத்தான் கேட்டேன்.

பிப்ரவரி 9-ஆம் தேதி சென்னையிலிருந்து விமானம். போய் இறங்குவது கனடா, டொராண்டோ. ஆறு மாதம் அவன் வீட்டில் இருக்கலாம். இந்த டைரி இன்சூரன்ஸ் ஏஜெண்ட் கொடுத்தது. போகும்வரை நடப்பதை எழுதிவைக்கலாம் என்று இருக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் நான் பொறுப்பில்லை. என்னை ஐந்தாம் வகுப்போடு அனுப்பிவைத்த பள்ளிக்கூடம்தான் பொறுப்பு.

ஜனவரி 5

பையன் வாட்ஸப்பில் கூப்பிட்டுப் பட்டியல் சொன்னான். மாத்திரைகளை அட்டையோடு எடுத்துவர வேண்டும், உதிரியாக டப்பாவில் போடக் கூடாது. டாக்டர் சீட்டு இங்கிலீஷில் வேண்டும். பாஸ்போர்ட்டை நகல் எடுத்து வேறொரு பையில் வைக்க வேண்டும். உள்ளே போடும் கம்பளி பனியன் இரண்டு, காதை மூடும் குல்லா, கையுறை. பெரிய பெட்டி இரண்டு, ஒவ்வொன்றும் இருபத்து மூன்று கிலோவுக்குள். விபூதிப் பொட்டலம் கைப்பையில் வேண்டாமாம். வெள்ளைப் பொடியைப் பார்த்தால் விசாரிப்பார்களாம்.

"விசாரிக்க வாறவன் நெத்தியில பூசி விட்டுருதேன்" என்றேன். "அப்பா, விளையாடாதீங்க" என்றான். அதே நிமிடத்தில் அவனுக்கு ஆபீஸ் போன் வந்துவிட்டது.

ஜனவரி 6

பெட்டி இரண்டும் வாங்கியாயிற்று. வெறும் பெட்டி எவ்வளவு இருக்கும் என்று அரிசிக்கடை தங்கமாரியப்பனின் மூட்டைத் தராசில் வைத்துப் பார்த்தேன்.

"அண்ணாச்சி, பெட்டியே நாலு கிலோ இருக்கு. துணி வைப்பியளா, இல்ல நீங்களே உள்ள படுத்துக்கிடுவியளா?"

"படுத்துக்கிட்டா டிக்கெட் மிச்சம். நீரு பூட்டிவிடும்வே."

கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நன்றாக இருந்தது. முன்பெல்லாம் தினமும் இப்படித்தான். இந்த ஊரில் தெருத் தெருவாகத் தண்ணீர் திறந்துவிட்டவன் நான். வால்வு சாவி என் தோளில் இருந்த காலத்தில், நான் தும்மினால்கூட நாலு பேர் நின்று விசாரிப்பார்கள். ரிட்டையர் ஆன மறுநாள் முதல் நான் தெருவில் போனால் நாய்தான் திரும்பிப் பார்க்கிறது.

ஜனவரி 8

அடுத்த வீட்டுப் பாக்கியத்தாய் வந்தாள். தையல் மிஷின் வைத்துப் பிழைக்கிறவள். என் மனைவி கோமதி இறந்த பதினாறாம் நாளுக்குப் பிறகு வாசல்படி தாண்டி உள்ளே வந்தது இன்றுதான். கையில் ஒரு பை.

"மாமா, எம் பயலும் அங்கதான் லாரி ஓட்டுதான். மோர்மிளகாய் இல்லாம சோறு எறங்க மாட்டேங்குதாம். ரெண்டு கிலோதான்."

"ரெண்டு கிலோ மோர்மிளகாயா? உம் பய லாரிய டீசல்ல ஓட்டுதானா, மிளகாயில ஓட்டுதானா?"

"போங்க மாமா, எப்பப் பார்த்தாலும் கேலிதான். உப்பு கம்மியாப் போட்டிருக்கேன். அவனுக்கு அப்படித்தான் பிடிக்கும்."

உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தாள். டீ போட்டுக் கொடுத்தேன். கோமதி போட்டதைவிட நன்றாக இருக்கிறது என்று பொய் சொன்னாள்.

எங்கள் தெருவில் ஒருவர் விமானம் ஏறப்போகிறார் என்று தெரிந்துவிட்டால், அப்புறம் அது அவர் பெட்டி இல்லை, தெருவின் பெட்டி. மாட்டேன் என்று சொல்லும் வழக்கம் கிடையாது. சொன்னவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் போக மாட்டார்கள்.

ஜனவரி 12

தங்கமாரியப்பன் கருப்பட்டி கொண்டுவந்தான். மச்சினன் லண்டனில் இருக்கிறானாம்.

"நான் போறது கனடா, வே."

"லண்டன் வழியிலதானே இருக்கு அண்ணாச்சி. ஒரு எட்டு எறங்கிக் கொடுத்துட்டுப் போங்க."

"பஸ் நிக்கும்போது டீ குடிக்க எறங்குற மாதிரியா?"

"உங்களுக்குத் தெரியாததா!"

வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஜனவரி 15

பொங்கல். நல்ல கூட்டம். வடகம், சீவல், சாம்பார்ப் பொடி, ஒரு குழந்தைக்குப் பட்டுப்பாவாடை, யாரோ ஒருவருக்கு இஞ்சி மரப்பா. எல்லாவற்றிலும் பெயர் எழுதி ஒட்டினேன். பெட்டியைத் தராசுக்குக் கொண்டுபோனால் எடை கூடிவிட்டது. என் போர்வையை எடுத்து வெளியே வைத்தேன். பையன் வீட்டில் போர்வை இல்லாமலா இருக்கும்.

ஜனவரி 17

வேட்டிகளையும் எடுத்துவிட்டேன். அந்தக் குளிரில் வேட்டி எதற்கு.

ஜனவரி 19

செண்பகராஜ் பேசினான். மருமகள் ஹேமாவின் அப்பாவும் அம்மாவும் இன்னும் ஆறு மாதம் அங்கேயே இருக்கப்போகிறார்களாம். கூடுதலாக இருப்பது ஒரே ஓர் அறை. டிக்கெட்டை ரத்துசெய்துவிட்டானாம். "அடுத்த வருசம் பார்ப்போம்பா. சங்கடப்படாதீங்க" என்றான்.

எனக்கு என்ன சங்கடம். அங்கே குளிர் எலும்பைக் கடிக்குமாம். "தப்பிச்சேன்டா" என்றேன். அவனும் சிரித்தான்.

ஜனவரி 20

மேலத்தெருவிலிருந்து முறுக்கு வந்தது. வாங்கி வைத்தேன்.

ஜனவரி 22

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். இன்று சொல்ல முடியவில்லை, ஐந்து பேர் வந்துவிட்டார்கள். கோமதி போன பிறகு இந்த வீட்டில் இரண்டு தம்ளர் சேர்ந்தாற்போல் நனைந்ததில்லை. இன்று அலமாரியில் இருந்ததையும் எடுத்துக் கழுவ வேண்டியதாகிவிட்டது. விமானத்தில் ஜன்னல் ஓரத்து இடத்துக்கு நான் துண்டு போட்டுவைத்திருப்பதாகச் சொன்னேன். பாக்கியத்தாய் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டாள்.

ஜனவரி 24

சொல்லவில்லை.

ஜனவரி 27

குருநாதன் வாத்தியார் வந்தார்.

இதை நின்று நிதானமாக எழுத வேண்டும். எனக்கும் அவருக்கும் பல வருடமாகப் பேச்சு இல்லை. அவர் குளிக்கிற நேரம் எனக்குத் தெரியும். அவர் முகத்தில் சோப்புப் போடும் நேரம் பார்த்து ஒருநாள் வால்வை மூடிவிட்டேன். சும்மா விளையாட்டுக்குத்தான். அவர் நுரையோடு தெருவுக்கு வந்து கத்தினார். தெருவே சிரித்தது. அவர் கலெக்டருக்கு மனுப் போட்டார். அவ்வளவுதான், அன்றிலிருந்து எதிரில் வந்தால் அவர் சுவரைப் பார்ப்பார், நான் வானத்தைப் பார்ப்பேன்.

இன்று வாசலில் நின்று செருமினார்.

"வே, வெயிலுமுத்து."

"வாங்க சார்வாள். சோப்பு தீந்து போச்சா?"

அவர் சிரிக்கவில்லை. உட்காரச் சொன்னதும் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். வேட்டி மடிப்பிலிருந்து ஒரு சின்னப் பொட்டலம் எடுத்தார்.

"கயல்விழி அங்கதான் இருக்கா. உம்ம பையன் இருக்குற ஊரேதான். மாசி மாசம் பிள்ள பெறப்போறா. ஊர்க்காரங்க சொல்லித்தான் எனக்கே தெரியும்."

கயல்விழி அவருடைய ஒரே பெண். தான் விரும்பிய பையனைக் கட்டிக்கொண்டு போனவள். அன்று வாசலில் நின்று அவளுக்குத் தலை முழுகியவர் இவர். அதன் பிறகு அவள் போன் செய்தாலும் இவர் எடுத்ததில்லை.

பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார். வசம்பு வளையல் இரண்டு. பிறந்த குழந்தைக்குக் கையில் கட்டுவது.

"அவ அம்மா இருந்தா கோத்திருப்பா. நானே கோத்தேன். கோணலாத்தான் இருக்கும்."

"தபால்ல போட்டா என்ன சார்வாள்?"

"கையில கொடுக்கணும்வே. கொடுத்துட்டு ஒண்ணு சொல்லணும்." தரையைப் பார்த்துச் சொன்னார். "அப்பாவுக்குக் கோவம் இல்லன்னு சொல்லும். பிள்ளையப் பார்க்கணும்னு சொன்னாருன்னு சொல்லும். இத எழுதத்தான் ஒக்காந்தேன். முப்பது வருசம் பிள்ளையளுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தவன், அன்புள்ளன்னு போட்டுட்டு அதுக்கு மேல ஓடல."

நான் போகவில்லை என்று அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. அவர் என் கையைப் பிடித்துப் பொட்டலத்தை வைத்து மூடினார். 

"கட்டாயம் கொடுத்துருதேன்" என்றேன்.

பிப்ரவரி 2

கூரியர் ஆபீசில் கேட்டேன். வேர், பட்டை, விதை எதையும் வெளிநாட்டுக்கு எடுக்க மாட்டார்களாம். பிறகு வாத்தியார் வீட்டுக்கு நடந்தேன். சொல்லிவிடத்தான் போனேன். அவர் வாசலில் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அவர் எனக்கு எழுந்து நிற்பது இதுதான் முதல் தடவை.

"பொட்டலத்தப் பெட்டியில வைக்காதேயும். பெட்டி தொலைஞ்சு போறதும் உண்டாம். கைப்பையில வையும்."

"சரி சார்வாள்" என்று திரும்பி வந்துவிட்டேன்.

பிப்ரவரி 5

பெட்டிகளை மறுபடி அடுக்கினேன். இரண்டும் இருபத்து மூன்று கிலோவுக்குள் கச்சிதமாக வந்துவிட்டன. கையுறையையும் குல்லாவையும் எடுத்த பிறகுதான் வந்தன.

பிப்ரவரி 8

சாயங்காலம் நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டேன். இதை ரயிலில் இருந்துதான் எழுதுகிறேன், கோணல்மாணலாக இருக்கும்.

வேறு வழி தெரியவில்லை. தெருவே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டது. தங்கமாரியப்பன் இரண்டு பெட்டியையும் தோளில் தூக்கிவந்தான். பாக்கியத்தாய் விபூதி பூசி, "அங்க போயி யாரையும் கேலி பண்ணாதீங்க மாமா, போலீஸ்ல பிடிச்சுக் கொடுத்துருவாக" என்றாள். வாத்தியார் தூரத்தில், தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நின்றார். வண்டி நகரும்போது ஒரு கையை மட்டும் தூக்கினார்.

எனக்கு ஒரு யோசனை. விமான நிலையத்துக்கே போய்விடுவது. டொராண்டோ போகிறவர் ஒருவராவது இருக்க மாட்டாரா. அவர் கையில் வாத்தியார் பொட்டலத்தை மட்டும் கொடுத்துவிட்டால் போதும்.

பிப்ரவரி 9

எழும்பூரில் இறங்கி, மின்சார ரயிலில் திரிசூலம் வந்து, பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு விமான நிலைய வாசலில் நின்றேன். டிக்கெட் இல்லாதவனை உள்ளே விட மாட்டார்கள். துப்பாக்கி வைத்திருந்த பையன் இந்தியில் ஏதோ சொன்னான். "நல்லாருப்பா" என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டேன்.

பெரிய பெட்டியோடு வருகிற எல்லாரையும் கேட்டேன். "கனடாவா? டொராண்டோவா?" பாதிப் பேர் துபாய். குளிர் சட்டையைக் கையில் போட்டுக்கொண்டு வந்த ஒருவர் கனடா என்றார். சொன்னேன். "பெரியவரே, தெரியாதவங்க பொருள வாங்கக் கூடாதுன்னு மைக்கில சொல்லிக்கிட்டே இருக்காங்க. தப்பா எடுத்துக்காதீங்க" என்று நகர்ந்துவிட்டார். படிக்கப் போகிற பெண் ஒருத்தி நின்று கேட்டாள். அவள் அம்மா அவள் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அந்த அம்மா செய்ததுதான் சரி. நானாக இருந்தாலும் இழுத்திருப்பேன். எங்கள் தெருவில் செல்லுபடியாகிற முகம் இங்கே செல்லுபடியாகவில்லை.

மத்தியானம் பசி. தங்கமாரியப்பனின் மச்சினன் பங்குக் கருப்பட்டியை உடைத்துத் தின்றேன். லண்டன் பக்கம் போனால் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம்.

வெயில் தாழ்ந்தபோது கைக்குழந்தையோடு ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். யாரையோ வழியனுப்ப வந்தவள். பொட்டலத்தில் என்ன என்று கேட்டாள். பிரித்துக் காட்டினேன். எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"எங்கம்மா இவனுக்கும் கட்டினாங்க. ஐயா, பொட்டலம் போகாட்டி என்ன? சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்குன்னு சொன்னீங்களே, அதுக்கு விமானம் வேணாமே. அந்தப் பொண்ணுக்குப் போன் பண்ணுங்க. அங்க இப்ப விடிஞ்சிருக்கும்."

வாத்தியார் பொட்டலத்தின் மேலேயே மகளின் நம்பரை எழுதியிருந்தார். அவளுக்கு ஒருநாளும் போட்டிராத நம்பர், முத்து முத்தாக இருந்தது. அந்தப் பெண்தான் அழுத்திக் கொடுத்தாள்.

"ஹலோ, யாரு?"

"கயலு, நான் தண்ணி தொறந்துவிடுத வெயிலுமுத்து மாமா."

"மாமாவா?" குரல் பயந்துவிட்டது. "அப்பாவுக்கு என்ன?"

"அவருக்கு என்ன, கல்லு மாதிரி இருக்காரு. இப்பவும் ஒரு சோப்பு ஒரு வாரந்தான் வருது. கேளு தாயி. அப்பாவுக்குக் கோவம் இல்லன்னு சொல்லச் சொன்னாரு. பிள்ளையப் பார்க்கணும்னு சொல்லச் சொன்னாரு. வசம்பு வளையல் கோத்துக் கொடுத்திருக்காரு. கோணலா இருக்கு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"அவரே கோத்தாரா?"

"அவரேதான். கை விரலெல்லாம் ஊசிக் குத்து."

அது நான் சேர்த்துச் சொன்னது. இருக்கட்டும்.

"மாமா, நீங்க எப்ப இங்க வாறீங்க? சொல்லுங்க, நானே செண்பகராஜ் அண்ணன் வீட்டுக்கு வந்து வாங்கிக்கிடுதேன்."

"நான் வரல தாயி" என்றேன். "எனக்கு டிக்கெட் இல்ல. மூணு வாரமா இல்ல."

அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் இருந்த பெண் என்னைப் பார்த்தாள். பிறகு குழந்தையைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டாள்.

"அப்பாகிட்ட நீயே பேசு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 11

ஊருக்கு வந்தாயிற்று. நான் வருவதற்கு முன்பே சேதி வந்துவிட்டது. கயல் அப்பாவோடு பேசியிருக்கிறாள். பேச்சோடு பேச்சாக என் விஷயமும் வெளியே வந்திருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து இரண்டு பெட்டியையும் நானேதான் இழுத்துவந்தேன்.

பிப்ரவரி 12

ஒவ்வொருவராக வந்து தங்கள் பொருளை வாங்கிக்கொண்டு போனார்கள். ஒருவரும் உட்காரவில்லை. தங்கமாரியப்பன் கருப்பட்டியை எடை போட்டுப் பார்க்காமலேயே, "எலி கடிச்சிருக்கு போல" என்று மட்டும் சொன்னான்.

பாக்கியத்தாய் கடைசியாக வந்தாள்.

"ஏன் மாமா, எங்களப் பார்த்தா கிறுக்கச்சி மாதிரி இருக்கா? எம் பய ஏர்போர்ட்டுக்கு வாறேன்னு லீவு போட்டிருந்தான்."

"உம் பயகிட்ட நான் பேசுதேன்."

"என்னத்தப் பேசுவீக? ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன? போகலன்னா நாங்க உங்க வீட்டுக்கு வராமயா இருந்திருப்போம்?"

வேண்டுமென்றே அவள் முகத்தையே பார்த்தேன். அவள்தான் முதலில் கண்ணைத் திருப்பிக்கொண்டாள். மோர்மிளகாயை எடுத்துக்கொண்டு போனாள்.

பிப்ரவரி 13

வெறும் பெட்டி இரண்டையும் பரணில் ஏற்றினேன்.

பிப்ரவரி 20

பல் வலி. வேறொன்றும் இல்லை.

மார்ச் 3

வாத்தியார் வீட்டு வாசலில் சர்க்கரை கொடுத்தார்களாம். பெண் குழந்தை. எனக்குப் பால்காரர் சொல்லித்தான் தெரியும். வசம்பு வளையல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதை மட்டும் யாரும் வந்து கேட்கவில்லை. கொண்டுபோய்க் கொடுக்க எனக்கும் கால் வரவில்லை.

மார்ச் 9

காலையில் வாத்தியார் வந்தார். செருமவில்லை. நேராக உள்ளே வந்து நாற்காலியில் முழுசாக உட்கார்ந்தார்.

"ஏன்வே, போகாத ஊருக்கு எம் பொட்டலத்த ஏன் வாங்கினீரு?"

"நீரு எங்க வீட்டுக்கு வந்தீரு. அதான் வாங்கினேன்."

திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"டீ போடுவீராமே" என்றார்.

போட்டேன். குடித்தார். நன்றாக இல்லை என்று உள்ளதைச் சொன்னார். கிளம்பும்போது, மகள் தன்னை அங்கே வரச்சொல்கிறாள் என்றார். இலங்கைக் கதிர்காமம் டூருக்கு எடுத்த பாஸ்போர்ட் இருக்கிறதாம்.

ஜூன் 4

வாத்தியாருக்கு விசா வந்துவிட்டது. கூப்பிட்டு அனுப்பினார்.

"வே, பிளேன் ஏறாமலே பெட்டி அடுக்குத வேலையில உமக்குத்தான் சர்வீஸ் ஜாஸ்தி. வந்து அடுக்கிக் கொடும்."

என் பெட்டிகளைத்தான் இறக்கிக் கொண்டுபோனேன். தரையில் உட்கார்ந்து நாள் முழுக்க அடுக்கினோம். மாத்திரை அட்டையோடு. டாக்டர் சீட்டு இங்கிலீஷில். நகல் வேறு பையில். கம்பளி பனியன் வேண்டாம், இப்போது அங்கே கோடை என்றார். "உம்ம ஒடம்புக்குக் கோடைன்னு தெரியுமா? வையும்" என்றேன். வசம்பு வளையலை நானே கைப்பையில் வைத்தேன். பிள்ளை இதற்குள் வளர்ந்திருக்கும், கையில் ஏறாது. இருந்தாலும் வைத்தேன்.

தெருவும் வந்தது. பாக்கியத்தாய் மோர்மிளகாயோடு வந்து, என்னைப் பார்த்ததும், "மாமா, இவராவது நெசமாப் போறாரா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

எல்லாம் முடிந்து பார்த்தால் ஒரு பெட்டியின் ஓரத்தில் இடம் விட்டிருந்தது. அங்கே ஒரு பனியனைத் திணிக்கப் போனேன். வாத்தியார் என் கையைத் தட்டிவிட்டார்.

"அதுல வைக்காதேயும். அது உமக்கு விட்ட எடம். உம்ம பையனுக்கு என்ன கொடுத்துவிடப்போறீரு?"

வந்து போன ஒவ்வொருவருக்கும் தங்கள் ஆளுக்கு என்ன பிடிக்கும் என்று தெரிந்திருந்தது. உப்பு கம்மியான மோர்மிளகாய், கருப்பட்டி, சீவல் என்று யோசிக்காமல் கொண்டுவந்தார்கள். செண்பகராஜ் கடைசியாக ஊருக்கு வந்தபோது காலையில் கிண்ணத்தில் எதையோ பாலில் ஊறவைத்துத் தின்றான். அதன் பெயர்கூட எனக்குத் தெரியாது.

"கேட்டுச் சொல்லுதேன்" என்று வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து போன் போட்டேன்.

"எதுக்குப்பா, இங்க எல்லாம் கெடைக்குது" என்றான்.

"கெடைக்காதது ஒண்ணு சொல்லுடா."

ஏதாவது கேலி சொல்லத்தான் வாய் வந்தது. சொல்லாமல் காத்திருந்தேன். ஆபீஸ் போன் எதுவும் குறுக்கே வரவில்லை. அவன் மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

"யோசிச்சு நாளைக்கு நானே பேசுதேன்பா" என்றான்.

வாத்தியாரிடம் அந்த இடத்தை நாளை வரைக்கும் அப்படியே வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.